கரும்புச் சாறும் பிஎச் கணக்கும்: முதலில் மோல், பிறகு சமநிலை

மொரீஷியஸின் சர்க்கரை ஆலைகளில் பிழிந்தெடுத்த கரும்புச் சாற்றின் பிஎச் (அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) பெரும்பாலும் 5-க்கும் 5.5-க்கும் நடுவில் இருக்கும். அதைச் சூடாக்கித் தெளிய வைப்பதற்காகச் சுண்ணாம்புப் பால் சேர்த்து 7-ஐ ஒட்டிய நிலைக்குக் கொண்டுவருவார்கள். எச்.எஸ்.சி. (மேனிலைப் பள்ளிச் சான்றிதழ்) வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவரிடம் இதையே கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். பிஎச் 5.3 உள்ள 1,000 லிட்டர் சாற்றை 7-க்குக் கொண்டுவர எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பு வேண்டும்?

பிஎச் 5.3 என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 5.0 × 10⁻⁶ மோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). ஆயிரம் லிட்டரில் 0.0050 மோல். ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு, இரண்டு மோல் ஹைட்ராக்சைடு தரும், எனவே 0.0025 மோல் போதும். மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 56 கிராம். விடை 0.14 கிராம், அதாவது விரல் நுனியில் ஒட்டும் அளவு.

ஆலையிலோ ஒரு டன் கரும்புக்கு அரைக் கிலோவும் அதற்கு மேலும் சுண்ணாம்பு செலவாகிறது. கணக்குக்கும் நடப்புக்கும் இடையே மூவாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். மடக்கை போட்டதில் தவறில்லை, பெருக்கலிலும் தவறில்லை. கேள்வியைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் தவறு. பிஎச் என்பது அந்தக் கணத்தில் கரைசலில் தனித்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டுமே சொல்லும். இன்னும் பிரியாமல் மூலக்கூறுகளோடு ஒட்டியிருக்கும் அமிலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அமிலம், காரம், தாங்கல் கரைசல் (அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஎச் அதிகம் அசையாத கரைசல்) என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக வருபவை எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே நிற்கின்றன.

பிஎச் அளவுகோலை 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரென்சன் உருவாக்கினார். நொதிகளின் வேலையை அமிலத்தன்மை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு, பத்தின் எதிர்மறை அடுக்குகளை ஒவ்வொரு முறையும் எழுதாமல் ஓர் எளிய எண் தேவைப்பட்டது. ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எடுத்து, குறியை மாற்றினால் பிஎச். செறிவு 10⁻³ என்றால் பிஎச் 3. திரும்பிப் போக, பத்தின் அடுக்கில் எதிர்மறைக் குறியோடு பிஎச்சைப் போட வேண்டும்.

மடக்கை அளவுகோல் என்பதால் சிறிய எண் மாற்றம் பெரிய மாற்றத்தை மறைத்துவிடும். பிஎச் 1 குறைந்தால் அயனிச் செறிவு பத்து மடங்கு. 0.3 குறைந்தால் இரண்டு மடங்கு. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் சராசரி பிஎச் இன்று ஏறத்தாழ 8.1. வெறும் 0.1 என்று தோன்றும்; ஹைட்ரஜன் அயனி கால் பங்கு கூடிவிட்டது என்பதே அதன் பொருள். நம் தீவைச் சுற்றிய பவளத் திட்டுகள் கால்சியம் கார்பனேட்டால் ஓடு கட்டுபவை. அவற்றுக்கு இந்தக் கால் பங்கு சின்ன விஷயம் அல்ல. சாற்றிலும் அப்படித்தான். சுக்ரோஸ் நீரோடு வினைபுரிந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும் வேகம் ஹைட்ரஜன் அயனிச் செறிவுக்கு நேர்விகிதம். அதே வெப்பநிலையில் பிஎச் 7-இல் இருக்க வேண்டிய சாறு 6-இல் இருந்தால், சர்க்கரை பத்து மடங்கு வேகமாக வீணாகும்.

வலிமை மிக்க அமிலங்களில் கணக்கு எளிது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் பிரிந்துவிடும், 0.010 மோலார் (லிட்டருக்கு 0.010 மோல்) கரைசலின் பிஎச் 2.00. காரத்துக்கு முதலில் ஹைட்ராக்சைடு செறிவைக் கண்டு, அதன் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றி 14-இலிருந்து கழிக்க வேண்டும். 0.010 மோலார் கால்சியம் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடு 0.020, விடை 12.30. இரண்டால் பெருக்க மறந்து 12.00 என்று எழுதுவது தேர்வுத் தாள்களில் சலிக்காமல் வரும் பிழை.

இந்த எளிய பகுதியிலும் இரண்டு பொறிகள் உண்டு. 1.0 × 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8 என்று கணிப்பான் சொல்லும். அமிலத்தை நீரில் கலந்தால் காரம் ஆகுமா? நீரே தரும் 10⁻⁷ அளவு அயனியை இங்கே விட்டுவிட முடியாது. நீரின் அயனிப் பெருக்கத்தையும் (ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிச் செறிவுகளின் பெருக்கல், 25 டிகிரியில் 10⁻¹⁴) சேர்த்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 6.98 வரும். இன்னொன்று சல்ஃப்யூரிக் அமிலம். இரண்டு புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) என்பதால் 0.10 மோலார் கரைசலில் அயனிச் செறிவு 0.20 என்று வைத்து 0.70 என்பார்கள். முதல் புரோட்டான்தான் முழுவதும் பிரியும். இரண்டாவதின் அமில மாறிலி (எவ்வளவு பிரியும் என்பதைச் சொல்லும் எண்) ஏறத்தாழ 0.012, அதைப் போட்டால் அயனிச் செறிவு 0.11-ஐ ஒட்டி நிற்கும், பிஎச் 0.96.

வலிமை குறைந்த அமிலத்தில்தான் சமநிலை உள்ளே வருகிறது. அசெட்டிக் அமிலத்தின் அமில மாறிலி 25 டிகிரியில் 1.74 × 10⁻⁵. இதன் மடக்கைக் குறியை மாற்றினால் கிடைக்கும் 4.76-ஐ பிகே என்கிறோம். 0.10 மோலார் கரைசலில் அயனிச் செறிவு, மாறிலியையும் செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.32 × 10⁻³, பிஎச் 2.88. நூறு மூலக்கூறுகளில் ஒன்றைச் சற்றுத் தாண்டித்தான் பிரிந்திருக்கிறது. மீதி தொண்ணூற்றெட்டும் சொச்சமும் பிஎச்சில் தெரிவதில்லை. ஆனால் காரத்தைச் சேர்த்தால் அத்தனையும் வினைபுரியும். அதனால்தான் 0.10 மோலார் அசெட்டிக் அமிலத்துக்கும் 0.10 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் தரம்பார்த்தலில் (காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தின் மொத்த அளவைக் காணும் முறை) செலவாகும் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரே அளவு. வலிமை வேறு, அளவு வேறு.

இந்த வர்க்கமூலக் குறுக்குவழி, பிரிந்த அளவு மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மட்டுமே செல்லும். அதே அமிலம் 0.0010 மோலாராக நீர்த்திருந்தால் குறுக்குவழி 3.88 தரும், பிரிவோ 13 விழுக்காடு. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 3.91. வித்தியாசம் சிறிதுதான். என்றாலும் விடை கண்டபின் இந்த விழுக்காட்டை ஒரு வரியில் சரிபார்த்து எழுதும் பழக்கத்தை விடக்கூடாது. இன்னும் நீர்த்த கரைசலில் பிழை வேகமாக வளரும்.

இனித் தாங்கல் கரைசல். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. தடுமாற்றத்தின் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வினை நடப்பதற்கு முன்பே சூத்திரத்தில் (பிஎச் = பிகே + மடக்கை [புரோட்டானை இழந்த வடிவம் / அமிலம்]) எண்களைப் போட்டுவிடுகிறார்கள்.

100 மி.லி. 0.20 மோலார் அசெட்டிக் அமிலத்தில் 50 மி.லி. 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றுகிறோம். பிஎச் என்ன? அவசரக்காரர் பிகே-யோடு 0.10/0.20-இன் மடக்கையைக் கூட்டி 4.46 என்பார். குடுவைக்குள் நடப்பதைப் பார்த்தால் விடை மாறும். அமிலம் 0.0200 மோல், காரம் 0.0050 மோல். காரம் முழுவதும் தீர்ந்துபோகும். அதற்கு ஈடாக 0.0050 மோல் அசெட்டேட் (புரோட்டானை இழந்த அசெட்டிக் அமிலம்) உண்டாகும், அமிலத்தில் 0.0150 மோல் மிஞ்சும். இப்போதுதான் சூத்திரத்துக்கு இடம்: விகிதம் மூன்றில் ஒன்று, அதன் மடக்கை −0.48, பிஎச் 4.28. இரண்டும் ஒரே குடுவையில் இருப்பதால் கனஅளவு இரண்டுக்கும் பொது. மோல் விகிதமே போதும், செறிவாக மாற்றத் தேவையில்லை.

முதலில் மோல், பிறகு சமநிலை. இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் தரம்பார்த்தல் வளைகோட்டின் எந்தப் புள்ளியையும் கணக்கிடலாம். காரம் சேர்க்கும் முன், வலிமை குறைந்த அமிலக் கணக்கு. இடையில், தாங்கல் கணக்கு. சமான நிலையில் அமிலம் தீர்ந்து அசெட்டேட் மட்டுமே நிற்கும். அது ஒரு வலிமை குறைந்த காரம். 0.10 மோலார் அமிலத்தை 0.10 மோலார் காரத்தால் தரம்பார்த்தால் அந்தப் புள்ளியில் அசெட்டேட் 0.050 மோலார். அதன் கார மாறிலி 5.7 × 10⁻¹⁰, பிஎச் 8.73. நடுநிலையாக்கல் முடிந்தால் பிஎச் 7 என்ற நினைப்பு இங்கே உடைந்துவிடும். ஃபீனால்ஃப்தலீன் இந்தத் தரம்பார்த்தலுக்குப் பொருந்தும், ஏனெனில் அது 8.2 முதல் 10 வரையில் நிறம் மாறும். 3.1 முதல் 4.4 வரையில் மாறும் மெத்தில் ஆரஞ்சைப் போட்டால், பாதி வேலைகூட முடியாதபோதே நிறம் மாறிவிடும்.

தாங்கல் என்ன தாங்குகிறது? மேலே சொன்ன 150 மி.லி. கரைசலில் 1 மி.லி. 1.0 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுங்கள். 0.0010 மோல் அசெட்டேட் அமிலமாக மாறும்: 0.0040-க்கு 0.0160. பிஎச் 4.16. இறக்கம் 0.12 மட்டுமே. அதே துளிகளை 150 மி.லி. தூய நீரில் விட்டிருந்தால் பிஎச் 7-இலிருந்து 2.18-க்கு விழுந்திருக்கும். வந்த புரோட்டான்களைக் கரைசல் அழிக்கவில்லை. அசெட்டேட் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது. அசெட்டேட் தீரும்வரைதான் அந்தக் காவல். இன்னும் 4 மி.லி. அதே அமிலத்தை ஊற்றினால் அசெட்டேட் முடிந்துபோய், அதற்கு மேல் விழும் ஒவ்வொரு துளியும் பிஎச்சைச் செங்குத்தாகக் கீழே இழுக்கும்.

தாங்கும் திறனுக்கு இரண்டு காரணிகள்: மொத்தச் செறிவு, பிகே-க்கு எவ்வளவு அருகில் என்பது. பிஎச்சும் பிகே-யும் சமமாக இருக்கும்போது திறன் உச்சம். ஓர் அலகு விலகினால் உச்சத்தின் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தாங்கல் கரைசலை நீர்த்தால் பிஎச் அதிகம் நகராது, விகிதம் மாறாததால். ஆனால் திறன் அதே அளவில் குறையும். பிஎச் சரியாக இருக்கிறது என்பதற்காகத் தாங்கல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரத்தம் இந்த விதியை மீறுவதுபோல் தோன்றும். அதன் பிஎச் 7.40, பைகார்பனேட் தாங்கலின் பிகே 6.1. விலகல் ஒன்றுக்கும் மேல். மூடிய குடுவையாக இருந்திருந்தால் இது மோசமான தாங்கல்தான். நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் அது மூடிய குடுவை அல்ல. பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2, விகிதம் 20, மடக்கை 1.30, கூட்டினால் 7.40. கட்டுப்பாடு மீறிய நீரிழிவில் கீட்டோன் அமிலங்கள் பெருகிப் பைகார்பனேட் 12-க்கு இறங்கியது என்று வையுங்கள். வேறெதுவும் மாறாவிட்டால் பிஎச் 7.10, உயிருக்கு ஆபத்து. கார்பன் டை ஆக்சைடும் பாதியாகக் குறைந்தால் விகிதம் மீண்டும் 20. அந்த நோயாளி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குவது இதற்காகத்தான். நடைமுறையில் இந்த ஈடுகட்டல் முழுமையடைவதில்லை, ஓரளவுக்கே உதவும். நீரிழிவு பரவலாக உள்ள நம் தீவில் இந்த விகிதக் கணக்கைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டுப் போவது போதாது என்றே நினைக்கிறேன்.

இப்போது கரும்புச் சாற்றின் மூவாயிரம் மடங்கு புரியும். சாற்றில் அக்கோனிட்டிக் அமிலம் இருக்கிறது. மூன்று புரோட்டான்களைத் தரக்கூடியது. பாஸ்பேட் இருக்கிறது, அதன் இரண்டாம் பிகே 7.2, நாம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு மிக அருகில். அமினோ அமிலங்களும் வேறு கரிம அமிலங்களும் உண்டு. பிஎச் 5.3-இலிருந்து 7 வரை ஏறும் வழியெங்கும் இவை ஒவ்வொன்றும் புரோட்டானை விட்டுக்கொடுத்துச் சுண்ணாம்பை விழுங்கும். போதாததற்குச் சுண்ணாம்பின் ஒரு பகுதி கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிவாகும். அது இழப்பு அல்ல. அந்த வீழ்படிவுதான் சாற்றிலுள்ள மண்ணையும் மெழுகையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் படிந்து சாற்றைத் தெளிய வைக்கிறது. எனவே எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதைப் பிஎச் மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாற்றின் மாதிரியை எடுத்துத் தரம்பார்த்தால்தான் தெரியும்.

வெட்டிய கரும்பு வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் லூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக், அசெட்டிக் அமிலங்களை உண்டாக்கும். பிஎச் சற்றே இறங்கியதாகத்தான் தெரியும். சுண்ணாம்புச் செலவோ அதைவிட வெகுவாக ஏறும். காரணம் மேலே சொன்னதுதான்: தாங்கல் உள்ள திரவத்தில் அமிலம் நிறையச் சேர்ந்தாலும் பிஎச் கொஞ்சமே அசையும்.

சுண்ணாம்பைத் தாராளமாகக் கொட்டிவிட்டால் என்ன? பிஎச் 8-ஐத் தாண்டினால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சிதைந்து கரிம அமிலங்களையும் கருநிறத்தையும் தரும். மிஞ்சிய கால்சியம் ஆவியாக்கிக் குழாய்களில் செதிலாகப் படியும். குறைத்துப் போட்டால் சுக்ரோஸ் உடையும். சுண்ணாம்பு சேர்த்தபின் சூடாக்கும்போது பிஎச் தானாகவே சற்று இறங்குவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் பாஸ்பேட்டிலிருந்து டிரைகால்சியம் பாஸ்பேட் வீழ்படிவாகும்போது புரோட்டான் வெளியேறுகிறது என்பது அதற்கொரு காரணம். தெளிந்த சாறு 7-ஐ ஒட்டி வர வேண்டுமானால், சேர்க்கும் இடத்தில் 7-ஐச் சற்றுத் தாண்டியே வைப்பது இதனால்தான். இன்னொரு சிக்கல், சுண்ணாம்புத் துகள் கரைய நேரம் எடுக்கும். சேர்க்கும் குழாய்க்கு மிக அருகில் பிஎச் மீட்டரின் மின்முனையைப் பொருத்தினால் அது குறைவாகக் காட்டும், இயந்திரம் மேலும் ஊற்றும், சற்று நேரத்தில் பிஎச் வரம்பு மீறி ஏறிவிடும்.

ஆய்வகத்தில் தாங்கல் கரைசல் தயாரிக்க ஒரு முழு எடுத்துக்காட்டு. தேவை: பிஎச் 5.00, மொத்தச் செறிவு 0.10 மோலார், ஒரு லிட்டர். 5.00-இலிருந்து 4.76 கழித்தால் 0.24, விகிதம் 1.74. மொத்தத்தில் அசெட்டேட் 0.0635 மோல், அமிலம் 0.0365 மோல். மூன்று நீர் மூலக்கூறு கொண்ட சோடியம் அசெட்டேட்டின் மோலார் நிறை 136.1, எனவே 8.64 கிராம். தூய அசெட்டிக் அமிலம் 2.19 கிராம், அதாவது 2.1 மி.லி. சுமார் 800 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்து, அமிலத்தைப் புகைப்பெட்டிக்குள் வைத்துச் சேர்த்து, 25 டிகிரிக்கு வந்ததும் பிஎச் பார்த்து, தேவையானால் ஓரிரு துளி சோடியம் ஹைட்ராக்சைடாலோ அமிலத்தாலோ திருத்தி, கடைசியில்தான் லிட்டர் குறிவரை நீர் ஊற்ற வேண்டும். முன்பே குறிவரை நிரப்பிவிட்டால் திருத்தும்போது கனஅளவு தாண்டிவிடும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை புட்டியின் சீட்டைப் படிக்காததால் வருவது. அலமாரியில் இருந்தது நீரற்ற சோடியம் அசெட்டேட், மோலார் நிறை 82.0 என்றால், அதே 8.64 கிராமில் 0.105 மோல் இருக்கும். விகிதம் 2.9 ஆகி பிஎச் 5.22-க்குப் போய்விடும். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி 5.00-க்கு இறக்கலாம்தான். ஆனால் அப்போது மொத்த அசெட்டேட் 0.10 அல்ல, 0.14 மோலார், கூடவே சோடியம் குளோரைடும் சேர்ந்திருக்கும். பிஎச் மீட்டர் இந்தக் குற்றத்தைக் காட்டிக்கொடுக்காது.

மீட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தவறான கணக்கைவிடத் தவறான அளவீடு அதிகம். கண்ணாடி மின்முனை 25 டிகிரியில் ஓர் அலகு பிஎச்சுக்கு 59.2 மில்லிவோல்ட் தரும். 7.00 கரைசலால் முதலிலும், அளக்கப்போகும் பக்கத்தைப் பொறுத்து 4.01 அல்லது 10.01 கரைசலால் அடுத்தும் அளவொத்துப் பார்க்க வேண்டும். சரிவு (ஓர் அலகுக்கு மின்முனை தரும் மில்லிவோல்ட்) அந்த 59.2-இல் 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மின்முனையைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். சுண்ணாம்புச் செதில் படிந்திருந்தால் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்தால் போகும். வேலை முடிந்ததும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் உள்ளிருக்கும் உப்பு வெளியேறி மின்முனை சோர்ந்துவிடும்.

வெப்பநிலை திருத்தும் பொத்தான் எல்லாவற்றையும் திருத்தும் என்று நம்புவோர் பலர். அது மின்முனையின் சரிவை மட்டுமே திருத்தும். கரைசலின் உண்மையான பிஎச் வெப்பத்தோடு மாறுவதை அது 25 டிகிரிக்குக் கொண்டுவந்து சொல்லாது. நீரின் அயனிப் பெருக்கமே மாறுகிறது: நடுநிலை பிஎச் 25 டிகிரியில் 7.00, 37-இல் 6.81, 60-இல் ஏறத்தாழ 6.5. சூடான சாற்றில் 6.8 என்று கண்டதை, ஆறிய மாதிரியின் 6.8-ஓடு ஒப்பிட்டால் வீணான முடிவுக்கு வருவோம். மாதிரியை மூடிய கலத்தில் வைத்து அறை வெப்பநிலைக்கு ஆற்றி அளந்து, எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதிவைக்க வேண்டும். அளவொத்துப் பார்த்த கரைசலை மறுபடி புட்டியில் ஊற்றக் கூடாது, குறிப்பாக 10.01 கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மற்றவற்றுக்கு முன்பே கெட்டுப்போகும்.